கொடி பாதியில் நின்ற காலை

வாயில் பற்பசை நுரையோடு ஜன்னல் திரையை விலக்கினேன். கீழே முற்றத்தின் நடுவில் நின்ற வெள்ளைக் கம்பத்தில், சிவப்புத் துணியில் வெள்ளைச் சிலுவை போட்ட அந்தக் கொடி, உச்சிக்குப் போகாமல் பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது.

நுரையை விழுங்கிவிட்டேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஓகூஸ் நகரத்தின் மேற்குப் பக்கம், சீமெந்து நிறத்தில் வரிசையாக நிற்கும் மாடிக் கட்டடங்களில் ஒன்றில் எனக்கும் யோகனுக்கும் ஒரு வீடு கிடைத்திருந்தது. டென்மார்க்குக்கு வந்து ஒரு பனிக்காலம்கூட முழுதாகக் கழியவில்லை. டெனிஷ் மொழியில் வணக்கம் சொல்லவும், நன்றி சொல்லவும், மன்னிப்புக் கேட்கவும் தெரியும். மன்னிப்பைத்தான் கூடுதலாகப் பாவித்தேன்.

ஆனால் அரைக்கம்பத்தில் தொங்கும் கொடிக்கு மொழி தேவையில்லை. யாரோ பெரிய ஆள் போய்விட்டார். மந்திரியோ தளபதியோ, யாராக இருந்தால் என்ன? பெரிய ஆள் செத்தால் பெரிய சவ ஊர்வலம். பெரிய சவ ஊர்வலம் என்றால், அதற்குப் பிறகு...

மூளை அந்த இடத்தில் நின்றுவிட்டது. கையும் காலும் நிற்கவில்லை.

போன கிழமை நான் சைக்கிளோடு வாய்க்காலுக்குள் போன கதையை வாசித்துவிட்டு, "இவ்வளவு பயந்தவனா நீ?" என்று கேட்ட அன்பர்களுக்குச் சொல்கிறேன்: அது ஒன்றுமில்லை. இதைக் கேளுங்கள்.

பெயரைக் கழற்றியவன்

முதலில் குளியலறை வாளியில் தண்ணீர் பிடித்தேன். தீ வைத்தால் அணைக்க. பிறகு சமையலறைச் சட்டிகள் எல்லாவற்றிலும் பிடித்தேன். கடைசியில் தேநீர்க் கோப்பைகளிலும் பிடித்தேன். எரியும் கட்டடத்தைத் தேநீர்க் கோப்பையால் அணைக்கப் போனவன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அடுத்தது பெயர்ப்பலகை. வாசற்கதவில் சண்முகநாதன் என்ற என் பெயரை, ஆங்கில எழுத்தில் ஒரு பக்கம் தொடங்கி மறு பக்கம் வரைக்கும் பொறித்துப் பூட்டியிருந்தார்கள். தபால்காரர் அதை வாசித்து முடிப்பதற்குள் அவருடைய மற்றத் தபால்கள் பழையதாகிவிடும். பாண் வெட்டும் கத்தியால் ஆணியைத் திருகி அதைக் கழற்றினேன். கழற்றிக்கொண்டு உள்ளே வந்தால் நேரே கண்ணாடி. பெயரைக் கழற்றியாயிற்று. இந்த முகத்தைக் கழற்ற எந்தக் கத்தி இருக்கிறது?

உடுப்பு அலுமாரியைத் தள்ளிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். பிறகு தொலைபேசி. ஓகூஸில் அப்போது எனக்குத் தெரிந்த தமிழர் அத்தனை பேருக்கும் ஒரே செய்தி: "வெளியில இறங்காதேங்கோ. கொடி இறக்கியாச்சு."

தண்ணீர்த் தொட்டி

ஏன் என்று கேட்பவர்கள் எண்பத்து மூன்று ஜூலையில், அந்தக் கலவர நேரத்தில், கொழும்பில் இருந்திருக்க மாட்டார்கள். நான் இருந்தேன். வெள்ளவத்தையில் ஓர் அறை, கோட்டையில் ஒரு கம்பனியில் கிளாக்கர் வேலை. வடக்கிலிருந்து சிப்பாய்களின் சவப்பெட்டிகள் வருகின்றன என்றார்கள். மயானத்தில் சனம் கூடியது என்றார்கள். அன்று மாலை வானத்தின் ஒரு பக்கம் சிவந்தது. அடுத்த நாள் காலை எங்கள் ஒழுங்கையில் ஒருவன் வீட்டு வாசல்களில் இருந்த பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு நிதானமாக நடந்து வந்தான். அவனுக்குப் பின்னால் வந்தவர்களின் கையில் பெற்றோல் போத்தல்கள்.

நான் பின்வளவுத் தண்ணீர்த் தொட்டிக்குள் கழுத்தளவில் நின்று உயிர் தப்பினேன். அன்றிலிருந்து நீங்கள் குளிப்பதையே விட்டுவிட்டீர்கள் என்று யோகன் பகிடி பண்ணுவான். அது பாதிதான் பொய்.

யோகன் மட்டக்களப்பான். பெந்தெகொஸ்தேகாரன். என்னைவிட இளையவன். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. விடியக் காலையில் போய் மத்தியானத்துக்கு முன் வருவான். அன்றும் வந்தான். கதவு அசையவில்லை. தபால் போடும் துவாரத்தைத் தள்ளித் திறந்து உள்ளே கத்தினான்.

"அண்ணே! கதவத் திறங்க!"

"ஆர்?"

"ஆரெண்டா? நான்தான், யோகன். பேர்ப்பலகை எங்க? வேற மாடிக்கு வந்திட்டன் எண்டு மேல ஏறிப்போய்த் திரும்பி வாறன்."

"தனியவோ வந்தனி?"

"இல்ல, ஊரையே கூட்டிக்கொண்டு வந்திருக்கன். திறங்க அண்ணே, கால் விறைக்குது."

"வெளியில என்ன நிலைமை?"

"குளிர்."

"அதில்லையடா. சனம்?"

"சனம் பஸ்ஸுக்கு நிக்குது."

"கூட்டமாவோ?"

"வரிசையா."

அலுமாரியை நகர்த்தினேன். உள்ளே வந்தவன் தண்ணீர்க் கோப்பைகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஜன்னலால் கொடியைப் பார்த்தான். கீழே இறங்கிப் போனான். கட்டடத்தைப் பராமரிக்கும் கய் என்பவரிடம் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது அவனால் நிற்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"செத்தது ஆர் தெரியுமா? மேல் மாடி ஸ்வென் கிழவன்! இந்தக் கட்டடத்தில ஆர் செத்தாலும் அண்டைக்குக் கொடிய அரைவாசிக்கு இறக்குவாங்களாம்."

தொலைபேசியை எடுத்து, ஒவ்வொருவருக்கும் "வெளியில போகலாம்" என்று சொன்னேன். ஒருவர் என் பேச்சை நம்பித் தொழிற்சாலையில் பொய்க் காய்ச்சல் சொல்லிப் படுத்திருந்தார். அவர் பிறகு என்னோடு வெகு காலம் கதைக்கவில்லை.

சாரத்துக்குக் கால் தேடியவர்

ஸ்வென் துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்த மனிதர். எனக்கும் அவருக்கும் படிக்கட்டில் தலையாட்டும் உறவுதான். ஒரே ஒரு தடவை அதற்கு மேல் போனது.

கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் எல்லாருக்கும் பொதுவாக உடுப்புத் தோய்க்கும் இயந்திரங்கள். ஒரு நாள் என் சாரத்தை, அதுதான் இடுப்பில் உடுத்தும் லுங்கியை, அங்கே மறந்துவிட்டேன். எடுக்கப் போனால், ஸ்வென் அதை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு நிற்கிறார். மேலால் தலையை விட்டார். கீழால் கையை விட்டார். காற்சட்டையென்றால் கால் எங்கே, சட்டையென்றால் கை எங்கே என்று அவர் தேடிய தேடல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நான் வாங்கி, காற்சட்டைக்கு மேலேயே உடுத்திக் காட்டினேன். மனிதர் வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தக் கட்டடத்தில் ஒரு வெள்ளைக்காரர் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அந்த மனிதருக்காகத்தான் நாட்டின் கொடி இறங்கியிருந்தது.

நான் அதை நினைத்துக்கொண்டு வெகு நேரம் ஜன்னலடியில் நின்றேன். நான் பிறந்த நாட்டில் மூட்டை தூக்கியவன் செத்தால் கொடிக்கயிறு அசையாது. கொடிக்கயிறு அசைந்தால் நாங்கள் சாகவேண்டியிருந்தது.

வெள்ளை உடுப்பு

"அப்ப போகோணும்" என்றேன்.

"எங்க?"

"செத்தவீட்டுக்கு. தலைக்கு மேல சாவு கிடக்கு, நாங்கள் இஞ்ச இருந்து சோறு தின்னிறதே?"

யாழ்ப்பாணத்தில் கல்யாணத்துக்கு அழைப்பு வராவிட்டால் ஏழு தலைமுறைக்குப் போகமாட்டோம். செத்தவீட்டுக்கு யாரும் அழைப்பதில்லை. போகாதவனைத்தான் ஊர் கேட்கும். இதில் எங்கள் ஐயா ஒரு நிபுணர். எந்த வீட்டுச் சாவுக்கும் குடையோடு முதல் ஆளாகப் போய்விடுவார். பாடையைத் தூக்கும் நேரம் வந்ததும் எழும்பி நிற்பார். "பொறுங்கோ! இன்னும் ஆக்கள் வரேல்லை!" என்று கத்துவார். தூரத்து ஊரில் இருந்து யாரோ பஸ்ஸில் வந்துகொண்டிருப்பார்கள், அவர்கள் முகம் பார்க்காமல் எடுக்கக்கூடாது என்பது ஐயாவின் சட்டம். ஐயரே வாயை மூடிக்கொண்டு பொறுப்பார்.

அந்த இரத்தம்தானே எனக்கும். தொலைபேசியில் இன்னும் நாலைந்து பேரைக் கூப்பிட்டேன். துக்கத்துக்கு எங்களுக்கு வெள்ளை. கிடைத்த வெள்ளைச் சட்டைகளையெல்லாம் போட்டுக்கொண்டு, ஆளுக்கு ஆள் பின்னால் ஒளித்தபடி மேல் மாடிக்கு ஏறினோம். யோகன் ஆஸ்பத்திரி வேலை உடுப்பில் வந்தான். அவனிடம் இருந்த வெள்ளை அதுதான்.

கதவைத் திறந்தது ஸ்வெனின் மனைவி இங்கா. சிறிய உருவம், இஸ்திரி போட்ட சட்டை, கலையாத தலை. எங்களைப் பார்த்ததும் ஒரு கை கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

அனுதாபம் சொல்ல எனக்கு டெனிஷ் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன்.

"மன்னிக்கவேண்டும்."

"எதற்கு?" என்றார் இங்கா.

ஸ்வெனின் பெயரைச் சொல்லி நெஞ்சில் கை வைத்தேன். இங்கா கதவிலிருந்து கையை எடுத்து வழிவிட்டார். வரவேற்பறையில் ஒரு சோபாவும் ஒரு கதிரையும். மிச்சப் பேர் நிலத்தில் சப்பணம் கட்டினோம். அவர் பதறிப்போய்க் கோப்பி கொண்டுவந்தார். இரண்டு பேருக்கு வைத்த கோப்பி. ஆளுக்கொரு மிடறு ஊற்றினார். ஊற்றும்போது கெண்டியின் மூடி கடகடவென்று அடித்தது.

அழுகைச் சத்தம் இல்லை. ஒப்பாரி இல்லை. கட்டிப்பிடிக்க ஆள் இல்லை. சுவர்க் கடிகாரம் மட்டும். இப்படியான ஒரு செத்தவீட்டை நான் கண்டதேயில்லை. யோகனால் அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. திடீரென்று முழங்காலில் எழும்பி, இரண்டு கையையும் உயர்த்தி, தமிழில், மட்டக்களப்பு வாவியின் அக்கரைக்குக் கேட்கும் குரலில், "ஆண்டவரே!" என்று தொடங்கினான்.

அந்த நேரம்தான் இங்காவின் மகன் உள்ளே வந்தான். மேலங்கியைக் கழற்றாமல் நின்றான்.

"அம்மா, யார் இவர்கள்?"

"கீழ் வீட்டுக்காரர்கள்."

"எப்போது போவார்கள்?"

அது எனக்கு விளங்கியது. மொழி வகுப்பில் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் படித்த கேள்வி அது. எழும்பினோம். என் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்திருந்தது. கட்டினால் அங்கே இன்னும் ஒரு நிமிடம் நிற்கவேண்டுமே என்று கட்டாமலே இறங்கினேன். ஒரு மாடி, இரண்டு சறுக்கல்.

அடுத்த நாள் கய் என்னை மறித்து, எனக்கு விளங்கட்டும் என்று ஆங்கிலத்தில் பேசினார். கோபம் இல்லை, சின்னப் பிள்ளைக்குப் பாதை கடக்கச் சொல்லித்தரும் குரல்.

"துக்கத்தில் இருப்பவர்களைத் தனியே விடுவதுதான் இங்கே மரியாதை. பூ அனுப்பலாம். போவதென்றால் முதலில் தொலைபேசியில் கேட்க வேண்டும்."

"தனியே விட்டால் என்ன செய்வார்கள்?"

"துக்கப்படுவார்கள்."

"தனியாகவா?"

குளிப்பது தனியாகவா என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "வேறு எப்படி?"

சவ அடக்கத்தன்று கொடி மறுபடி அரைக்கம்பத்தில் நின்றது. பின்னேரம் பார்த்தால், கய் கயிற்றை இழுத்து அதை உச்சிக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறார். நான் ஓடிப்போய் ஏனென்று கேட்டேன். "அடக்கம் முடிந்துவிட்டது" என்றார். அடக்கம் முடிந்தால் கொடி மேலே போகவேண்டும். அதுவும் ஒழுங்கு.

நான் பண்ணிய பிரசங்கம்

வெட்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பகிடியாக்கினேன்.

பிரெடெரிசியாவில் ஒரு பிறந்தநாளென்றால் அங்கே, ஹ்விடோவ்ரேயில் ஒரு பொங்கலென்றால் அங்கே, சனம் என்னை நடுவில் இருத்திவிடும். "அண்ணை, அந்தச் செத்தவீட்டுக் கதையைச் சொல்லுங்கோ." இங்காவின் கெண்டி மூடி, யோகனின் "ஆண்டவரே", மகனின் மேலங்கி, எல்லாம் நடித்துக் காட்டுவேன். முடிவில் விரலை உயர்த்தி ஒரு பிரசங்கம்.

"ஆகையால் தாய்மாரே, தந்தைமாரே, இந்த நாட்டில அழுறதெண்டாலும் நேரம் கேட்டுத்தான் அழோணும். போன் பண்ணாமல் ஒருத்தற்ற கதவையும் தட்டாதேங்கோ. நாங்கள் இனிமேல் நாகரிகமான சனம்!"

சிரித்துச் சிரித்துச் சிலருக்கு விக்கல் வரும். நல்ல சீடர்கள். என் பகிடியை இவ்வளவு கவனமாகப் படிப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சனம் வந்ததோ?

அடுத்த வருடம். யோகன் பிரெடெரிசியாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்துப் போய்விட்டான். வீட்டில் நான் தனி.

கொழும்பிலிருந்து மச்சான் தொலைபேசியில் வந்தான். குரலைக் கேட்டதுமே கதிரையைப் பிடித்துவிட்டேன்.

"சண், ஐயா மோசம் போட்டார்."

"எப்ப?"

"அது கொஞ்ச நாளாச்சடா. எங்களுக்கே யாழ்ப்பாணத்தில இருந்து இப்பத்தான் ஆள் வந்து சொன்னது."

நான் கேட்ட அடுத்த கேள்வி அதுதான். "சனம் வந்ததோ?"

"ஊரடங்குச் சட்டமடா. கொஞ்ச நேரந்தான் எடுத்துவிட்டவங்களாம். அதுக்குள்ள கொண்டுபோய் எரிச்சுப்போட்டு ஓடி வந்ததாம். தூக்கின ஆக்களைத் தவிர ஒருத்தரும் இல்லை."

ஊரில் எந்தப் பாடையையும் மறித்து வைத்த மனிதர். அவருடைய பாடையோடு ஓடியிருக்கிறார்கள்.

நான் செய்ததைச் சொல்கிறேன், சிரிக்கலாம். வீட்டைக் கூட்டினேன். சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, சனம் இருக்க நிலத்தில் கட்டில் விரிப்புகளை விரித்தேன். பெரிய சட்டியில் தேத்தண்ணி வைத்தேன். கடையில் கோப்பை வாங்கி வந்தேன். ஊரில் நடக்காததை இங்கே நடத்திவிடுவேன். நாலு பேர் வந்து என் கையைப் பிடித்து, ஐயாவைப் பற்றி நாலு பொய்யாவது சொல்லிவிட்டுப் போகட்டும். அது போதும்.

பிறகு ஒரு யோசனை வந்து கீழே இறங்கிக் கய்யிடம் போனேன்.

"என் தகப்பனார் இறந்துவிட்டார். கொடியை இறக்கலாமா?"

"இந்தக் கட்டடத்தில் எந்த வாசலில் குடியிருந்தார்?"

"இங்கே இல்லை. ஊரில்."

கய் நிலத்தைப் பார்த்தார். குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான், கட்டடச் சங்கத்தின் விதி என்றார். பிறகு தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தொப்பி அவருடையது. கொடி சங்கத்துடையது.

மேலே வந்தேன். தொலைபேசி அடித்தது. செய்தி பரவிவிட்டது.

"சண் அண்ணை, கேள்விப்பட்டம். சரியான கவலை. எப்ப வந்தால் உங்களுக்கு வசதி?"

வைத்தேன். மறுபடி அடித்தது.

"தம்பி, உம்மைக் குழப்பக்கூடாதெண்டுதான் வரேல்லை. நேரத்தைச் சொல்லும், வாறம்."

பிரெடெரிசியாவிலிருந்து யோகன்.

"அண்ணே, இப்பவே ரயில் ஏறுவமெண்டுதான் நினைச்சன். பிறகு நீங்க சொன்னது ஞாபகம் வந்திச்சு. கேக்காம வந்தா உங்களுக்குக் கரச்சல்தானே? சனிக்கிழமை மூண்டு மணி சரியா?"

வா என்று சொல்ல வாய் வந்தது. வாடா, இப்பவே வா, கதவை உடைத்துக்கொண்டு வா, ஆண்டவரே என்று கத்து. மேல் வீட்டு இங்கா பயந்து விழட்டும்.

"ஓம்" என்றேன். "சனிக்கிழமை வசதி. எல்லாரையும் அதுக்கே வரச் சொல்லுறன்."

பகிடிக்காரன் அழுவதைக் கேட்டால் சனம் அதையும் பகிடியென்று நினைத்துவிடும். அந்தப் பயமும் இருந்தது.

கோப்பைகள்

வியாழக்கிழமை காலை. வாயில் நுரை. திரையை விலக்கினேன்.

கொடி அரைக்கம்பத்தில் நின்றது.

இந்தத் தடவை வாளி நிரப்பவில்லை. கய் மனம் மாறிவிட்டார். விதியாவது சங்கமாவது, தொப்பியைக் கழற்றிய கையாலேயே இறக்கிவிட்டார். வாயைக் கொப்பளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நன்றி சொல்ல ஓடினேன்.

படிக்கட்டில் இங்கா. கையில் கடைப் பை. வழக்கம்போலத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். என் நாலு நாள் தாடியை அவர் கவனித்திருப்பார், கேட்பது மரியாதையில்லை.

கீழே கய் இலை கூட்டிக்கொண்டிருந்தார். நான் கொடியைக் காட்டினேன். வாய் திறக்க முன்பே அவருக்கு விளங்கிவிட்டது. முகம் சிவந்தது.

"இல்லை. கடைசி வாசலில் ஒரு வயதான பெண்மணி. இன்று அடக்கம்."

"ஆ, சரி" என்றேன். "மன்னிக்கவேண்டும்."

திரும்பி மேலே ஏறினேன். ஆனால் பாருங்கள், நான் திருட்டுப் புத்திக்காரன். ஜன்னலடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, அந்தக் கொடியை எடுத்துக்கொண்டேன். அந்தப் பெண்மணிக்கு அது முழுவதும் தேவைப்படாது என்று நினைத்தேன். ஐயாவுக்கு ஒரு ஓரம் போதும். உள்ளே விரித்த விரிப்பில் ஒரு சுருக்கமும் விழவில்லை. கோப்பைகள் கவிழ்த்தபடி இருந்தன. காலை முழுக்கக் காற்றில்லை. கொடி கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு தலை குனிந்து நின்றது. ஊரில் என் ஐயாவுக்கு யாரும் இவ்வளவு நேரம் நின்றிருக்க மாட்டார்கள்.

பின்னேரம் வெயில் சரிந்த நேரம் கய் முற்றத்துக்கு வந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கம்பத்தில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார்.

நான் எழும்பினேன். ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையால் அடித்தேன். இரட்டைக் கண்ணாடி, வெளிக்குளிர் உள்ளே வராது, உள்ளே இருக்கும் சத்தமும் வெளியே போகாது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கொடி ஒரு முழம் ஏறியது, இன்னொரு முழம் ஏறியது.

"பொறுங்கோ!" என்று கத்தினேன். "இன்னும் ஆக்கள் வரேல்லை!"